ஐஸ் பெட்டிக்குள் போன ஷூ

வலி திரும்பி வந்தது டிசம்பரின் முதல் ஞாயிற்றுக்கிழமை, கொடைக்கானல் ஏரியைச் சுற்றிவிட்டுச் செண்பகனூருக்கு இறங்குகிற வழியில். வலது காலில், முழங்காலுக்குக் கீழே முன்பக்க எலும்பில், போன வருஷம் விரிசல் விட்ட அதே இடம். உயிர் போகிற வலியெல்லாம் இல்லை. உள்ளே யாரோ உட்கார்ந்துகொண்டு விரலால் சுண்டுகிற மாதிரி இருந்தது. அந்த விரலை எனக்கு ஏற்கெனவே தெரியும். நான் நின்றுவிட்டேன்.

கூட ஓடி வந்த ஜெயப்பிரியா திரும்பிப் பார்த்தாள். "என்னாச்சு டீச்சர்?"

"லேஸ் அவுந்திருச்சு" என்று குனிந்தேன். லேஸ் கச்சிதமாகத்தான் இருந்தது.

ஜெயப்பிரியா பேங்கில் வேலை பார்க்கிறவள். என்னைவிட எட்டு வயது சின்னவள். அவளிடம் பொய் சொன்னதில் எனக்கு வருத்தமில்லை. உண்மையைச் சொன்னால் அந்த இடத்திலேயே ஓட்டம் நின்றுவிடும் என்று தெரியும். போன வருஷம் பழனியில் என் காலைப் பார்த்த எலும்பு டாக்டர் தெளிவாகச் சொல்லியிருந்தார்: "இன்னொரு தடவை இதே எடத்துல விரிசல் விட்டா, ஓட்டத்தை மறந்துட வேண்டியதுதான். நடங்க, நீந்துங்க, தையல் கத்துக்குங்க." அந்தத் தையலை ஏன் சேர்த்தார் என்று இன்று வரை எனக்கு எரிச்சல்.

எரிச்சல் என்றதும் சொல்லிவிடுகிறேன். எனக்குக் கோபம் அதிகம். நான் பர்சானா, கணக்கு டீச்சர். எட்டாம் வகுப்பு இரண்டு பிரிவுகளையும் கட்டி மேய்த்துவிட்டு வீட்டுக்கு வந்தால், வீட்டில் மாமியார் ரஹ்மத்துன்னிசாவும், பூண்டி கிராமத்தில் மலைப்பூண்டு வாங்கிக் கீழே அனுப்பும் என் வீட்டுக்காரர் அஸ்பாக்கும், அவருடைய பூண்டு மூட்டைகளும் இருப்பார்கள். நாள் முழுக்க யார் மேலாவது எனக்கு ஆத்திரம் வந்துகொண்டே இருக்கும். காலையில் ஓடுகிற அந்த நேரத்தில் மட்டும் வராது. சாலையில் காட்டுமாடு குறுக்கே நின்று அரை மணி நேரம் மறித்தால்கூட வராது. போன வருஷம் கால் உடைந்து மூன்று மாதம் வீட்டில் கிடந்தபோது நான் பண்ணிய அட்டகாசத்தைப் பார்த்து, என் மாமியாரே பக்கத்து வீட்டு ஞானவேலின் மனைவியிடம் சொன்னாராம்: "எலும்பு ஒட்டுனதும் இவளை ஓட விட்ருவோம்மா. நம்மளால தாங்க முடியல."

இப்போது மார்ச்சில் கோயம்புத்தூரில் முழு மாரத்தான் ஓடுவதென்று நானும் ஜெயப்பிரியாவும் பெயர் கொடுத்திருந்தோம். அதற்குத்தான் இந்த ஞாயிற்றுக்கிழமை ஓட்டங்கள். சும்மா நீள ஓட்டம் இல்லை. முதல் பாதியை நிதானமாக ஓடி, கால் சோர்ந்த பிறகு கடைசிப் பகுதியை வேகமாக ஓட வேண்டும். வேகமாக ஓடுகையில் ஒவ்வொரு அடியும் எலும்பில் இறங்கும். அதனால்தான் எனக்கு அடிப்பாகம் தடித்த, நல்ல குஷன் உள்ள ஷூ தேவைப்பட்டது.

ஷூ வாங்குவதென்றால் எங்கள் குடும்பத்தில் ஒரே இடம்தான். பழனி பஜாரில் என் தாய்மாமா இப்ராம்சாவின் கடை. கொடைக்கானலிலும் கடைகள் இருக்கின்றன, மதுரையில் பெரிய பெரிய கடைகள் இருக்கின்றன, போனில் தட்டினால் வாசலுக்கே வருகிறது. ஆனால் மாமா கடை இருக்கும்போது வேறிடத்தில் வாங்கிப் போட்டுக்கொண்டு போனால், அடுத்த கல்யாணத்தில் பிரியாணி பரிமாறும்போதே பேச்சு வந்துவிடும். அது மட்டுமில்லை, மாமா கடையில் வாங்கியதைப் பற்றிக் குறை சொல்லவும் முடியாது. குறை சொன்னால் அது ஷூவைச் சொன்னதாக ஆகாது, மாமாவைச் சொன்னதாகத்தான் ஆகும்.

அக்டோபரில் ஒரு மத்தியானம் போயிருந்தேன். பழனி வெயிலைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. மாமா ஃபேனை என் பக்கம் திருப்பிவிட்டு, பச்சை நிறத்தில் ஒரு ஜோடியை எடுத்து வைத்தார். அடிப்பாகம் மூன்று விரல் கனம்.

"அமுக்கிப் பாரும்மா" என்றார்.

கட்டைவிரலால் அழுத்தினேன். பன்னில் பதிவது போலப் பதிந்தது. போட்டு நின்றேன். கடைக்கு வெளியே தெரு முனை வரை ஓடிப் பார்த்தேன். காலுக்குக் கீழே தரையே இல்லாத மாதிரி இருந்தது. "இதுதான் மாமா" என்றேன். அவருக்கு முகமெல்லாம் சிரிப்பு. நானும் சந்தோஷமாக மலை ஏறினேன்.

முதல் சில வாரங்கள் ஒரு குறையும் இல்லை. டிசம்பர் பிறந்ததும், நான் சொன்ன அந்த ஞாயிறு.

அதற்குப் பிறகு எந்த ஓட்டத்திலும் வலி தப்பவில்லை. கிளம்பிய கொஞ்ச நேரத்தில் ஆரம்பித்து, இறக்கத்தில் கூடி, வீட்டுக்கு வந்த பிறகு மெல்ல அடங்கும். ஸ்கேன் எடுத்தால் தெரிந்துவிடும். தெரிந்துவிடும் என்பதற்காகவே நான் எடுக்கவில்லை. வீட்டில் யாரிடமும் மூச்சு விடவில்லை. குளிக்கிற அறையில் கதவைச் சாத்திக்கொண்டு தைலம் தேய்த்தேன். வகுப்பில் நாற்காலியில் உட்கார்ந்தே பாடம் நடத்தினேன். பிள்ளைகள் பயந்துபோனார்கள். நான் உட்கார்ந்தால் அவர்களுக்கு ஏதோ ஆகப்போகிறது என்று நினைப்பு.

டிசம்பர் பாதியில் வலி திடீரென்று போய்விட்டது.

ஒரு திங்கட்கிழமை ஓடினேன், வலி இல்லை. அடுத்த நாளும் இல்லை. அந்த ஞாயிறு நீள ஓட்டத்தில் கடைசிப் பகுதியை வேகமாகவே ஓடினேன். ஜெயப்பிரியாவைப் பின்னால் விட்டுவிட்டுச் செண்பகனூர் பஸ் நிறுத்தம் வரை ஓடி வந்து நின்றபோது சந்தோஷத்தில் எனக்கு அழுகையே வந்தது. எல்லாம் தைலத்தின் மகிமை என்று முடிவு கட்டி, மேலும் மூன்று பாட்டில் வாங்கினேன்.

மூச்சு வாங்க வந்து நின்ற ஜெயப்பிரியா மூக்கைச் சுளித்தாள். "டீச்சர், தப்பா நெனைக்காதீங்க. ஒங்க ஷூவுல பூண்டு வாசம் தூக்குது."

"எங்க வீட்டுல எதுலதான் பூண்டு வாசம் இல்ல?" என்று சிரித்தேன். அன்றைக்கு எது சொன்னாலும் சிரித்திருப்பேன்.

இரண்டு வாரம் அப்படி ஓடியது. புது வருஷம் பிறந்ததும் அஸ்பாக் பூண்டிக்குப் போனார். அறுவடை வாங்கப் போனால் நாலைந்து நாள் அங்கேயே தங்கிவிடுவார். அவர் போன மறுநாள் காலையில், புல்லெல்லாம் வெள்ளையாக உறைந்து கிடந்தது. நான் தைலம் தாராளமாகத் தேய்த்துக்கொண்டு கிளம்பினேன். ஏரிக்கு ஏறுவதற்குள்ளேயே அந்த விரல் சுண்ட ஆரம்பித்துவிட்டது.

அன்றைக்கு நான் பட்ட பாட்டைச் சொல்லி முடியாது. வலி வந்து, போய், மறுபடி வந்தால் அது முதலில் வந்ததைவிடக் கொடுமை. போய்விட்டது என்று நம்பியிருந்தேனே. அடுத்த நாள் வலித்தது. அதற்கடுத்த நாளும் வலித்தது. சரி, முடிந்தது, எலும்பு போய்விட்டது, இனி தையல்தான் என்று தீர்மானித்துக்கொண்டேன். ஏரிக்கரையில் நின்று ஜெயப்பிரியாவிடம் உள்ளதையெல்லாம் கொட்டினேன்.

அவள் திட்டுவாள் என்று பார்த்தேன். அவள் குனிந்து என் ஷூவை மோந்து பார்த்தாள்.

"என்ன பண்றே ஜெயா? வர்றவங்க போறவங்க பாக்குறாங்க."

"இன்னைக்குப் பூண்டு வாசம் இல்ல டீச்சர். மூணு நாளா இல்ல. நானே நெனச்சேன், டீச்சர் ஷூவைத் தொவச்சுப் போட்டுட்டாங்க போலன்னு."

"நான் தொவைக்கவே இல்லையே."

"வலிக்காத நாளெல்லாம் வாசம் இருந்துச்சு. இப்ப வாசமும் இல்ல, வலிக்குது" என்றாள். பேங்கில் வேலை பார்த்தாலும் ஏதோ மந்திரம் கண்டுபிடித்தவள் மாதிரிச் சொன்னாள். "பூண்டை அரைச்சுக் கால்ல பூசிப் பாக்குறீங்களா?"

நான் கணக்கு டீச்சர். பூண்டு பூசினால் எலும்பு ஒட்டாது என்று எனக்குத் தெரியும். ஆனால் வாசம் இருந்த நாள்களில் அந்த ஷூ எங்கேயோ போயிருக்கிறது என்பது மட்டும் உறைத்தது. எங்கள் வீட்டில் செருப்பு, ஷூ எதுவும் நிலைப்படி தாண்டி உள்ளே வராது. மாமி ஐந்து வேளை தொழுகிறவர். வாசலில் படிக்குப் பக்கத்தில் கழற்றிப் போட்டால், காலை வரை அங்கேயேதான் கிடக்கும். பூண்டு அறையோ வீட்டின் பின்கட்டில் இருக்கிறது. அங்கே பூண்டு கெடாமல் இருக்க எந்நேரமும் கொஞ்சம் கணப்பு போட்டு வைத்திருப்பார் அஸ்பாக். வாசலில் கிடக்கிற ஷூ நடந்தா போகும்?

அஸ்பாக் பூண்டியிலிருந்து வந்த மறுநாள் விடியலில், வழக்கத்தைவிட வெள்ளனே எழுந்து அடுப்படியில் விளக்குப் போடாமல் நின்றேன். பின்கட்டுக் கதவு மெதுவாகத் திறந்தது. தலையில் தொப்பியோடு, சுபுஹு தொழுகைக்குக் கைகால் கழுவி ஒளுச் செய்யக் கிளம்பிய என் வீட்டுக்காரர், ஒவ்வொரு கையிலும் ஒரு ஷூவோடு பூனை மாதிரி நடந்து வந்தார்.

"இது என்ன சோலி?" என்றேன்.

அவர் கையிலிருந்த ஒன்றைக் கீழே போட்டுவிட்டார். "மெதுவாப் பேசு. அம்மா காதுல விழுந்துரும்."

"கேட்டதுக்குப் பதிலச் சொல்லுங்க."

"நாயிக்குத்தான் பர்சானா. போன மாசம் பாதியில அந்தக் கருப்பு நாயி ஞானவேல் பூட்ஸத் தூக்கிட்டுப் போயி ஓடையில போட்டுருச்சுல்ல? இதுவும் போயிருச்சுன்னா மாமாகிட்டப் போயி என்னன்னு சொல்றது? அதான் ராவுல எடுத்துப் பூண்டுக்குள்ள வச்சிட்டு, வெடியல்ல எடுத்து வெளிய வச்சிருவேன். அம்மாவுக்குத் தெரிஞ்சா வீட்டை ரெண்டாக்கிருவாங்க."

கீழே கிடந்ததை எடுத்து அழுத்தினேன். கட்டைவிரல் பதிந்தது. அக்டோபரில் பழனியில் பதிந்தது போலவே பதிந்தது. எனக்குள் ஏதோ புரிய ஆரம்பித்தது. ஆனால் பாதிப் புரிதலை நம்பி நான் எதையும் செய்வதில்லை. அன்றைக்கு ஓடவில்லை. ராத்திரி வலது ஷூவை மட்டும் பூண்டு அறையில் வைக்கச் சொன்னேன், இடதை வாசலில் விட்டேன். நாய்க்காக அதன் மேல் ஒரு அண்டாவைக் கவிழ்த்தேன். அஸ்பாக் ஒன்றும் கேட்கவில்லை. என்னிடம் கேள்வி கேட்பதில் உள்ள சிரமம் அவருக்குத் தெரியும்.

மறுநாள் விடியலில் அண்டாவைத் தூக்கி இடது ஷூவை அழுத்தினேன். விரல் பதியவே இல்லை. பலகையை அழுத்துவது போல இருந்தது. இரண்டையும் மாட்டிக்கொண்டு அடுப்படிக்கும் கூடத்துக்கும் நடந்தேன். வலது காலுக்குக் கீழே பன், இடது காலுக்குக் கீழே பலகை. நொண்டி நொண்டி நடந்துகொண்டே நான் சிரித்தேன். சிரிப்பு எப்போது அழுகையாக மாறியது என்று தெரியவில்லை. இந்த ஊர்க் குளிரில் ராத்திரி முழுக்க வாசலில் கிடந்து விறைத்துப்போன ஷூவைத்தான் இத்தனை நாள் நான் குஷன் என்று நம்பி, அதன் மேல் குதித்து ஓடியிருக்கிறேன். ஓடினால் காலுக்குச் சூடு ஏறும், ஷூவின் அடிப்பாகத்துக்கு ஏறாது. பனியில் நனைந்த ரோட்டில்தானே அது மிதிபடுகிறது.

சத்தம் கேட்டு மாமி எழுந்து வந்தார். நிலைப்படிக்கு உள்ளே ஷூவோடு நின்ற என்னைப் பார்த்தார். பூண்டு அறைக் கதையும் வெளியே வந்தது.

"பூண்டுக்கு நடுவுல செருப்பா?" என்று மகனைப் பிடித்துக்கொண்டார். "அந்தப் பூண்டை வாங்கித் திங்கிறவன் என்னடா பாவம் பண்ணான்?"

மாமி போன பிறகு அஸ்பாக்கிடம் வலியைப் பற்றிச் சொன்னேன். சொல்லி முடிப்பதற்குள் அவர் தலையாட்டினார். "தெரியும். போன மாசமே படி எறங்கையில சொவரைப் பிடிச்சிக்கிட்டுத்தான் எறங்குனே. குளிக்கிற ரூமுல தைலப் பாட்டில் உருண்டு கெடக்கு."

"தெரிஞ்சுமா வாய மூடிக்கிட்டு இருந்தீங்க?"

"நான் கேட்டா நீ இல்லைன்னு சொல்லுவே. இல்லைன்னு சொல்லிட்டா அப்புறம் நீயா நெனச்சாக்கூட ஆமான்னு சொல்ல மாட்டே. அதான் இருந்தேன்."

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. அதில் பாதி, அவர் சொன்னது அப்படியே உண்மை என்பதால் வந்தது. மீதியை அவருடைய பொறுமை மேல் காட்டினேன். அவர் டீயைக் குடித்துவிட்டு, "பழனிக்குப் போவோமா? ஸ்கேன் எடுத்துருவோம்" என்றார்.

அதுதான் பயம். ஷூ விறைத்ததால்தான் வலித்தது, சரி. ஆனால் பலகை மேல் இத்தனை வாரம் இடித்ததில் எலும்பு ஏற்கெனவே விரிசல் விட்டிருந்தால்? காரணம் தெரிந்துவிட்டது என்பதற்காக விரிசல் ஒட்டிக்கொள்ளப் போவதில்லை. ஆனாலும் அதுவரை இல்லாத ஒரு தைரியம் வந்திருந்தது. ஒரு பக்கம் நம்பிக்கை இருந்தால்தான் மறுபக்கத்தைப் பார்க்க முடிகிறது. "போவோம்" என்றேன்.

தைப்பூசம் நெருங்கிக்கொண்டிருந்ததால் பழனிச் சாலை முழுக்கக் காவடியும் பச்சை வேட்டியுமாகப் பக்தர்கள் நடந்துகொண்டிருந்தார்கள். வண்டியை ஊர்ந்துதான் ஓட்ட முடிந்தது. காலையிலேயே ஸ்கேன் எடுத்துவிட்டார்கள். டாக்டர் பார்த்துச் சொல்லச் சாயங்காலம் ஆகும் என்றார்கள். அஸ்பாக் அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார். "நீ மாமா கடைக்குப் போ. இங்கே இருந்தா அவங்களையும் வெரட்டுவே" என்றார்.

எலும்பு என்ன ஆனதென்று தெரியாமல் ஷூ வாங்கப் போவது எப்படி இருக்கும் என்று யாரிடமும் விளக்க முடியாது. மாப்பிள்ளை வீட்டார் சரி என்று சொல்வதற்கு முன்பே கல்யாணப் புடவை எடுக்கப் போகிற மாதிரி. ஆனால் சும்மா உட்கார்ந்திருந்தால் நான் வெடித்திருப்பேன்.

ஊர் முழுக்க வெறுங்காலோடு நடக்கிற மாதத்தில் மாமா கடையில் கூட்டம் இல்லை. "வாம்மா" என்று ஃபேனைத் திருப்பினார். நான் காலைப் பற்றி வாய் திறக்கவில்லை. ஷூவைப் பற்றி மட்டும், மாமாவைக் குறை சொல்லாமல் எப்படிச் சொல்வது என்று வழியெல்லாம் யோசித்து வைத்திருந்ததை ஒரே மூச்சில் சொன்னேன். அவர் முகம் சுருங்கிவிட்டது.

"நல்ல கம்பெனிச் சரக்கும்மா அது."

"சரக்கு நல்ல சரக்குதான் மாமா. எங்க ஊரு குளிருதான் அதுக்கு ஆகல."

"நான் பழனிக்காரன். பழனியில வச்சு அமுக்கிப் பாத்தேன். இங்க பதியுது" என்றார். அவர் சொன்னதிலும் தப்பில்லை.

"அதான் மாமா, இந்தத் தடவை கொடைக்கானல்ல வச்சு அமுக்கிப் பாப்போம்."

"கொடைக்கானலுக்கு நான் எங்கே போவேன்?"

நான் பக்கத்துக் கடையைக் காட்டினேன். ஜோதிமணி அக்காவின் ரோஸ் மில்க் கடை. வாசலில் பெரிய ஐஸ் பெட்டி ஒன்று இருந்தது.

ஜோதிமணி அக்கா முதலில் காதைப் பொத்திக்கொண்டார். "செருப்பை ஐஸ் பெட்டியில வைக்கிறதா? சாமிக்கு நடந்து வர்றவங்க குடிக்கிற பாலும்மா இது. நல்லாருக்கே ஒங்க நாயம்!"

"மண்ணு மிதிக்காத ஷூதான் அக்கா. பெட்டியப் பிரிச்சதோட சரி."

"மிதிக்கலைன்னாலும் செருப்பு செருப்புதானே?"

இப்ராம்சா மாமாவுக்கு இப்போது ரோஷம் வந்துவிட்டது. அவர் சரக்கைச் செருப்பு என்றால் விடுவாரா? "பின்னாடி ஒரு பழைய பெட்டி வச்சிருக்கியேம்மா, காலியா. அதுல வையி. கரண்டு காசு நான் குடுத்துர்றேன்" என்றார். ஜோதிமணி அக்காவுக்கும் என்னதான் ஆகும் என்று பார்க்கிற ஆசை. புதுக் கவரில் சுற்றித் தருவதாக இருந்தால் சரி என்றார்.

மூன்று ரகத்தில், ரகத்துக்கு ஒரு ஒற்றை ஷூ உள்ளே போனது. ஒன்று, நான் அக்டோபரில் வாங்கிய அதே ரகம். இன்னொன்று அடியில் விறைப்பான தகடு வைத்தது, மாமா ரேஸ் ஷூ என்று பெருமையாகச் சொன்னார். மூன்றாவது சாம்பல் நிறம். கனம் அதே மூன்று விரல், தூக்கினால் எடையே இல்லை, ஆனால் அழுத்தினால் பன் மாதிரிப் பதிந்து கிடக்காமல் விரலைத் திருப்பித் தள்ளியது. அதன் அடிப்பாகத்து ஃபோம் வேறு ஜாதி என்றார் மாமா. சும்மா நிற்கும்போது முதல் ரகம்தான் மெத்தை. அந்தச் சுகத்தில்தான் நான் போன தடவை மயங்கினேன். நான் நிற்பதற்கா ஷூ வாங்குகிறேன்?

காத்திருந்த நேரம் நகரவில்லை. போனை எடுத்து எடுத்துப் பார்த்தேன். மாமா டீ வாங்கிக் கொடுத்தார். ஜோதிமணி அக்கா இரண்டு தடவை பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, "இன்னும் வேகல" என்றார்.

கடைசியில் மூன்றையும் எடுத்து வந்து மேசை மேல் வைத்தார்கள். முதல் ரகத்தை மாமாவே அழுத்தினார். ஒரு கட்டைவிரலால், அப்புறம் இரண்டு கட்டைவிரலால். அவர் முகத்தைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது.

"கருங்கல்லும்மா இது" என்றார் மெதுவாக. "இதைப் போட்டா ஓடுனே?"

தகடு வைத்ததை நான் மாட்டிப் பார்த்தேன். ஃபோம் பரவாயில்லை, ஆனால் தகடு பாதத்தை முன்னால் தள்ளிக்கொண்டே இருந்தது. ரேஸ் அன்றைக்குச் சரி, ஞாயிறுதோறும் இதோடு மலை இறங்கினால் கெண்டைக்கால் கிழிந்துவிடும். சாம்பல் நிறத்தை அழுத்தினேன். கவரில் ஐஸ் ஒட்டியிருந்தது. அத்தனை சில்லிட்டும் விரல் பதிந்தது, பதிந்த வேகத்தில் திரும்பியும் வந்தது. வலது காலில் மாட்டினேன். குளிர் காலில் ஏறியது. இறக்கத்தில் விரல் இடிக்காமல் இருக்க முன்னால் ஒரு கட்டைவிரல் இடம் இருந்தது. அடிப்பாகம் அகலமாக இருந்ததால் பக்கவாட்டில் சாய்த்தாலும் கணுக்கால் மடங்கவில்லை. ஒற்றை ஷூவோடு கடைக்குள் நாலு எட்டு வைத்தேன். இதுதான் எனக்கு வேண்டியது. அது தெரிந்த நொடியில் பயமும் வந்தது. இத்தனை சரியான ஷூ கிடைத்து, கால் இல்லையென்று ஆகிவிட்டால்?

போன் அடித்தது. அஸ்பாக்.

"ஒண்ணுமில்ல" என்றார்.

"ஒண்ணுமில்லைன்னா என்னங்க? இன்னும் டாக்டர் பாக்கலையா?"

"பாத்துட்டாரு. எலும்புல ஒண்ணும் இல்ல. பழைய விரிசல் ஒட்டுன தடம்தான் இருக்காம். புதுசா எதுவும் இல்ல. எலும்பைச் சுத்தி இருக்குற சதை வீங்கியிருக்கு, அவ்வளவுதான். பத்து நாளு ஓடாம இருந்துட்டு மெல்ல ஆரம்பிக்கச் சொன்னாரு."

"நல்லாக் கேட்டீங்களா?"

"ரெண்டு தடவை கேட்டேன். இன்னொரு தடவை கேட்டா வெளிய போன்னு சொல்லிருவாரு." அவர் குரலும் ஒரு மாதிரி இருந்தது. "நீ அழுவாதே. நான் வெரசா வர்றேன்."

நான் அழவில்லை என்று சொல்ல வாயெடுத்தேன், முடியவில்லை. மாமா கடை ஸ்டூலில் உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதேன். அப்படி ஒரு அழுகை. மார்பில் இத்தனை நாள் கட்டி வைத்திருந்த மூட்டையை யாரோ அவிழ்த்துக் கொட்டிய மாதிரி இருந்தது. அல்ஹம்துலில்லாஹ், அல்ஹம்துலில்லாஹ் என்று வாய் தானாகச் சொல்லிக்கொண்டிருந்தது. தெருவில் போன காவடிக்காரர்கள் இருவர் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள்.

மாமா பதறிவிட்டார். "ஏம்மா, கடிக்குதா? புடிக்கலைன்னா விட்ரு, நான் திருப்பூர்ல சொல்லி வேற எடுத்துத் தர்றேன். ஒரு ஷூவுக்காவாம்மா இப்பிடி அழுவாங்க?"

"புடிச்சிருக்கு மாமா."

"அப்புறம் என்னத்துக்கு அழுவுறே?"

"நான் ஓடலாமாம் மாமா" என்றேன், மூக்கை உறிஞ்சிக்கொண்டே.

மாமாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஜோதிமணி அக்காவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "ஏன், ஓடக் கூடாதுன்னு யாரு சொன்னது?"

யோசித்துப் பார்த்தேன். இந்தத் தடவை டாக்டர் சொல்லவில்லை, இன்று வரை அவரிடம் நான் போகவே இல்லை. அஸ்பாக் சொல்லவில்லை. ஜெயப்பிரியா சொல்லவில்லை. மாமி என்னை ஓடவிட்டால் போதும் என்று இருந்தவர். ஆறு வாரமாகப் பொழுது விடிந்தால் அதைச் சொல்லிக்கொண்டிருந்தது நான் ஒருத்திதான்.

"யாரும் சொல்லல மாமா" என்றேன்.

"அப்புறம் என்ன?" என்று டப்பாவிலிருந்து இடது காலுக்கான ஷூவை எடுத்து என் முன்னால் வைத்தார். "இந்தா, இன்னொரு காலையும் மாட்டு."

மாட்டிக்கொண்டு எழுந்து நின்றேன்.